புரட்டாசியில் பன்றிக்கறிக்கு ஒரு ஒயின்

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த ஓட்டலின் மேலாளர் ஜீவானந்தம், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேசுகிறவர் இல்லை. குழலியைக் கூப்பிட்டு, ஒயின் அலமாரியின் கண்ணாடிக் கதவை விரலால் தட்டிக் காட்டியே சொல்லிவிட்டார்.

"சனிக்கெழம ஹாங்காங் டீம் சாப்பாடு கீது இல்ல? அதுல ரெண்டாவது ரவுண்டும் ஒயினே கேட்டாங்கன்னா இது இங்கயே நிக்கட்டும். மொதல் கிளாஸோட பீருக்குத் தாவிட்டாங்கன்னா திங்கக்கெழம இந்த எடத்துல பீர் ஃப்ரிட்ஜ் வந்து குந்திக்கும். நீ பேங்க்வெட் ஹால் பாத்துக்க. இன்னா, சரியா?"

"சரி சார்" என்றாள் குழலி. வேறு என்ன சொல்வது? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொரியாக்காரர்கள் பீரும் அவர்கள் ஊர்ச் சரக்கும் கேட்பார்கள். ஜப்பான்காரர்கள் விஸ்கியில் சோடாவை நிரப்பி அதை ராத்திரிச் சாப்பாடு முழுக்க இழுப்பார்கள். உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் ஒயின் அலமாரிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு பிராந்தி சொல்வார்கள். நம் ஊரில் ஒயின்ஷாப் என்று பெயர் வைத்த கடையிலேயே ஒயின் கடைசித் தட்டில் தூசி படிந்து கிடக்கும்போது ஓட்டலில் மட்டும் என்ன வாழும்?

ஆனாலும் அந்த அலமாரி அவள் கேட்டு வாங்கியது. ஏலவார்குழலி என்கிற முழுப்பெயருடன் வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறி, மூன்று வருடம் ஒரு போன் தொழிற்சாலையில் கேமராக் கண்ணாடியில் கீறல் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொன்னால் போதும், ஏன் விழுந்தது என்று கேட்கக் கூடாது. அதுதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. ஓட்டலில் பரிமாறும் வேலைக்கு வந்தபோது, பயிற்சி கொடுக்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் ஒரே திராட்சை இரண்டு மலைச்சரிவில் இரண்டு ருசி கொடுப்பதைச் சொன்னார். அவள் "ஏன்?" என்று கேட்டாள். அவர் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது. பிறகு பாடம் படித்து, பரீட்சை எழுதி, ஒவ்வொரு பாட்டிலாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது இந்த அலமாரி. இது போனால் பேங்க்வெட் ஹாலில் நாற்காலிக்கு உறை மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஹாங்காங்கிலிருந்து வந்திருந்தவர்கள் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளைப் பொருத்துகிறவர்கள். அவர்கள் ஊரில் அந்த வாரம் நிலாப் பண்டிகை. வெள்ளிக்கிழமை பௌர்ணமிக்கு வேலை இருந்ததால் சனிக்கிழமை விருந்து வைத்துக்கொண்டார்கள். தலைவர் லியூங் கேட்டது இரண்டே: எங்கள் ஊர் சார் சியூ, அதாவது பாகு தடவி வாட்டிய பன்றிக்கறி, வேண்டும். அதனோடு குடிக்கச் சரியான ஒயின் வேண்டும்.

சார் சியூவுக்குக் கவலையில்லை. சமையலறையில் கோமதிநாயகம் இருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். மக்காவ் ஓட்டல் ஒன்றில் வாட்டும் பிரிவில் பல வருடம் நின்று, கான்டன் ஊர்ச் சமையல்காரர்களிடம் திட்டு வாங்கித் தொழில் கற்றவர்.

கவலை வேறு. அது புரட்டாசி மாதம்.

"எனுக்கு கவுச்சி ஆவாதேண்ணே இப்போ" என்றாள் குழலி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு. "மாசம் பொறந்ததும் வூட்ல சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு. கறியத் தின்னு பாக்காம அதுக்கு ஒயினு எப்டி சொல்றது?"

கோமதிநாயகம் கத்தியைத் துடைத்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கவுச்சி கூடாது, ஒயினு மட்டும் கூடுமாக்கும்?"

"அது பழச்சாறுண்ணே. நான் முழுங்கறதும் இல்ல. வாயில வச்சிட்டுத் துப்பிடறேன்."

"நல்லா இருக்கு தாயி ஒங்க பெருமாளு கணக்கு! ஒரு துண்டு வாயில போட்டுட்டு அதையுந் துப்பிர வேண்டியதுதான?"

"அண்ணே!"

"சரி சரி, கோவப்படாத. சும்மா சொல்லுதேன். விரதம்னா விரதந்தான்."

அவள் பெரிய பக்திக்காரி இல்லை. ஆனால் நினைவு தெரிந்த நாள் முதல் மீறாத ஒன்றை, வேலைக்காக என்று சொல்லி மீறினால், அடுத்த வருடம் மீறுவதற்கு ஒரு காரணம்கூடத் தேவைப்படாது என்று நினைத்தாள். அவ்வளவுதான். கோமதிநாயகமும் அதற்கு மேல் கேட்கவில்லை.

"வா, செய்யுறதயாவது பாரு" என்று கூப்பிட்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது குழலிக்கு எப்போதும் பிடிக்கும். கழுத்தும் தோளும் சேருகிற இடத்துக் கறியைத்தான் எடுப்பார். அங்கேதான் கொழுப்பு ஒரு பக்கமாக ஒதுங்காமல், மழைத்தண்ணீர் வயலில் பாய்ந்த மாதிரி இழை இழையாக உள்ளே ஓடியிருக்கும். அதை முழங்கை நீளப் பட்டைகளாக அரிந்து, சோயா, சர்க்கரை, அரிசி மது, பட்டை சோம்பு வாசனைப்பொடி, சிவப்பாகப் புளிக்கவைத்த சோயாக்கட்டி எல்லாம் கலந்த குழம்பில் ராத்திரி முழுக்க ஊறவைப்பார். அந்தச் சோயாக்கட்டிதான் கறிக்கு உப்பும் ஒருவித ஆழமும் கொடுக்கிறது.

அதன் பிறகு வாட்டுவது. கான்டன் பாஷையில் சார் என்றால் கவைக்கம்பி, சியூ என்றால் சுடுவது என்று கோமதிநாயகம் சொல்வார். கம்பியில் மாட்டிச் சுடுவதால் வந்த பெயர். அதற்கு வேண்டிய அடுப்பை அவர் எங்கிருந்தும் தருவிக்கவில்லை. சேரப்பணஞ்சேரியில் தகடு வேலை செய்யும் புருஷோத்தமன் பட்டறையில் ஆளுயர ஸ்டெயின்லெஸ் பீப்பாய் ஒன்றைச் செய்து வாங்கினார். கறியை மாட்டும் கொக்கிகளுக்கு அளவு சொல்லப்போனால், புருஷோத்தமன் சிரித்துவிட்டாராம். கார் உதிரிபாகங்களைத் தொங்கவிட்டுப் பவுடர் பெயின்ட் அடிக்கிறார்களே, அதற்கு அவர் தினம் வளைத்துத் தள்ளும் அதே எஸ் கொக்கி. இரும்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸில் புதிதாக வளைத்துக் கொடுத்துவிட்டார்.

காரணமும் ஒன்றேதான். ஒரு பொருளைத் தட்டில் கிடத்தினால் அடிப்பக்கம் மறைந்துபோகும். தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் முகம். பெயின்ட்டுக்கும் அது வேண்டும், சூட்டுக்கும் அது வேண்டும். கறியில் உருகும் கொழுப்பு மேலிருந்து கீழே தன்னையே நனைத்துக்கொண்டு இறங்கும். பாதியில் வெளியே எடுத்து, முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் கெட்டிப் பாகைத் தடவி மறுபடி உள்ளே விடுவார்.

"தேன் தடவுனா என்னண்ணே?"

"தேன் சூட்டுல சடக்குன்னு கருகிரும். திகட்டவுஞ் செய்யும். இது பாரு, சீனியில பாதி இனிப்புகூடக் கிடையாது. ஆனா கம்பளி மாதிரி கறிய மூடிக்கிடும். வழியாது. ஓரத்துல மட்டும் கருகும். அந்தக் கருகலுக்குத்தான் அங்க அடிச்சிக்கிடுவானுக."

குழலி பீப்பாயையும் கொக்கிகளையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிடவே போகாத ஒன்றின் மேல் இவ்வளவு மரியாதை வரும் என்று அவள் நினைத்ததில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"அண்ணே, இதே மசாலாவுல சேனக்கெழங்க ஊற வச்சி, இதே மாரி பாகு தடவித் தொங்கவுட்டா?"

கோமதிநாயகம் பாகுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க ஆசான் கேட்டார்னா அந்தக் கொக்கியில என்னையத் தொங்கவிட்டுருவாரு" என்றார். ஆனால் கை சேனையை எடுக்கப் போய்விட்டது.

நம் வழக்கப்படி புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்தார். அப்படிச் செய்யாவிட்டால் சேனை நாக்கை அரிக்கும். பட்டைகளாக அரிந்து, ஊறவைத்து, தனியே சுத்தம் செய்த பீப்பாயில் புதுக் கொக்கியில் மாட்டினார். வெளியே வந்தபோது உண்மையான சார் சியூவேதான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். சிவந்து, பளபளத்து, ஓரம் கருகி.

வியாழக்கிழமை மத்தியானம், பரிமாறும் வேலை ஓய்ந்த நேரத்தில், சாப்பாட்டு ஹாலின் மூலை மேசையில் குழலி மூன்று கிளாஸ்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு சில்வர் சொம்பு. பரிமாறும் கோபால் வேடிக்கை பார்க்க வந்து நின்றான்.

முதல் கிளாஸில் அலமாரியிலேயே விலை கூடின ஷிராஸ். மரப்பீப்பாயில் கிடந்து முதிர்ந்த கறுஞ்சிவப்பு. சேனையை ஒரு கடி கடித்து ஒரு வாய் வைத்தாள். முகம் சுருங்கிப்போனது.

"நல்லா இல்லியா?" என்றான் கோபால்.

"கல்யாண வூட்ல ஜிலேபி தின்னுட்டு காப்பி குடிச்சிகீறியா?"

"சக்கரயே போடாத மாரி இருக்குமே."

"அதேதான். காப்பியில சக்கர அப்டியேதான் கீது. நாக்குல ஏற்கெனவே இனிப்பு குந்திகினு இருக்கறதால தெரியாது. அதே மாரி, பாகு தடவுன சாப்பாட்டுக்கு மேல இத்தக் குடிச்சா இதுல இருக்கற பழ ருசி ஓடி ஒளிஞ்சிக்குது. துவர்ப்பு மட்டும் தனியா நிக்குது, பாக்கு கடிச்ச மாரி."

இரண்டாவது கிளாஸில் நாசிக்கிலிருந்து வந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். வெளிர் மஞ்சள், மெல்லிய இனிப்பு, அதற்கடியில் எலுமிச்சையைப் போல நிமிர்ந்து நிற்கும் புளிப்பு. பாடப்புத்தகம் இதைத்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சேனையோடு சேர்த்தபோது பல் கூசியது. புளிப்பு மட்டுமே மிஞ்சியது. அவள் இன்னொரு முறை பார்த்தாள். அதே கூச்சம்.

மூன்றாவது மெர்லோ. சிவப்புதான், ஆனால் துவர்ப்பும் புளிப்பும் குறைந்த சாது. மாவுப்பிடிப்பான சேனையோடு அது நன்றாக ஒட்டிக்கொண்டது. பாகின் கருகலும் ஒயினின் பிளம் பழ வாசனையும் ஒன்றை ஒன்று தேடிப் போயின. குழலி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். புத்தகம் என்ன சொன்னால் என்ன, நாக்கு சொல்வதுதானே கடைசி.

"இதான்" என்று கோபாலிடம் சொன்னாள். ஜீவானந்தத்திடமும் போய்ச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம். புரட்டாசிச் சனி என்பதால் கோபால் காலையில் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்து, நெற்றி நிறைய நாமத்தோடு இருந்தான். அந்த நாமத்தோடுதான் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு விருந்து அறைக்குள் போனான். கோமதிநாயகம் பின்னாலிருந்து, "பெருமாளே வந்து பரிமாறுத மாதிரி இருக்குடே" என்றார். "கம்முனு இரு மாமா" என்று கோபால் திரும்பாமலேயே சொன்னான்.

மேசையில் எட்டுப் பேர். நடுவில் அவர்கள் ஊரிலிருந்து வந்த நிலாப் பணியாரங்கள், முட்டை மஞ்சள்கரு உள்ளே வைத்துச் செய்தவை, நாலாக வெட்டி வைத்திருந்தன. சார் சியூ தட்டு இறங்கியதும் பேச்சு நின்றது. லியூங் ஐம்பது தாண்டியவர், கண்ணாடிக்குமேல் பார்க்கிறவர். குச்சியால் துழாவி, நன்றாகக் கருகிய முனையை எடுத்து வாயில் போட்டார். மெல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் தம் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த ஆள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டி, ஒரு துண்டுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார். வாசலிடுக்கில் நின்று இதைப் பார்த்த கோமதிநாயகம், "போதும் தாயி. நான் பிழைச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழலி மெர்லோ ஊற்றினாள். எல்லோரும் கிளாஸைத் தூக்கி நிலாவுக்கு வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். அவள் சுவரோரம் நின்று முகங்களைப் படித்தாள். முகம் சுளிக்கவில்லை யாரும். ஆனால் கிளாஸை வைத்த கை திரும்ப அதனிடம் போகவில்லை. கறிக்குப் போனது, கறியிலிருந்து தேநீர்க் கிண்ணத்துக்குப் போனது, அங்கிருந்து ஊறவைத்த முள்ளங்கிக்குப் போனது. மறுபடி கறி, மறுபடி தேநீர். ஒயின் வைத்த மட்டத்திலேயே நின்றது.

இளவயதுக்காரர் ஒருவர் கோபாலைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். கோபால் வெளியே வரும்போது குழலியைப் பார்க்காமல் சொன்னான்.

"பீர் கேக்கறாங்கக்கா. ரெண்டு."

அறைக்கு வெளியே ஜீவானந்தம் நின்றிருந்தார். கோபாலைப் பார்த்துத் தலையசைத்தார், கொண்டுபோ என்று.

குழலி சமையலறைக்குள் போனாள். இரண்டாவது தவணைக் கறி அப்போதுதான் பாகு தடவப்பட்டுப் பீப்பாய்க்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன். கறி நல்லா கீது, ஒயினும் நல்லாத்தான் கீது. ரெண்டுத்தையும் சேத்தா யாரும் தொட மாட்றாங்க. டீ டீன்னு குடிக்கறாங்க, முள்ளங்கி கடிக்கறாங்க."

"கெழங்குக்கு ஒத்துக்கிடுச்சுன்னியே?"

"ஆமா. கெழங்குக்கு." அந்தச் சொல்லை அவளே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ருசி கேக்கல. அந்தக் கறி வாயில போனப்புறம் எப்டி உக்காருது? அத்த மட்டும் சொல்லுங்க."

கோமதிநாயகம் விளக்கெண்ணெய் மாதிரி இழுத்துப் பேசும் ஆள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நின்று யோசித்தார். ஒரு துண்டை வெட்டித் தாமே வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"திருநேலி அல்வா தின்னுருக்கியா? சுடச்சுட எலையில வாங்கி?"

"ம்."

"அந்த மாதிரி உக்காருது. மொதல்ல இனிப்பு வாரதில்ல, நெய்யி வருது. நாக்கு, அண்ணம், ஒதடு எல்லாத்துலயும் பூசிக்கிடுது. முழுங்குன பொறவும் போவாது. அதுக்கு மேலதான் இனிப்பு, உப்பு எல்லாம் நிக்கி."

"அல்வா தின்னா அப்புறம் நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"கையில கொஞ்சம் மிக்சர் போடுவான்லா கடைக்காரன். அத வாயில போட்டாத்தான் அடுத்த வாய் அல்வா ருசிக்கும். இல்லன்னா மூணாவது வாயிலயே திகட்டிரும்."

குழலி அப்படியே நின்றாள். சேனையில் கொழுப்பு ஏது? மழைத்தண்ணீர் போல இழையோடுகிறது என்று தானே வியந்து பார்த்த அந்தக் கொழுப்பு, கறி வெந்து முடிந்தபின் நாக்கில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழுவிவிட ஒரு கூர் வேண்டும். சாதுவான மெர்லோ என்ன செய்யும்? நெய்யின்மேல் இன்னொரு போர்வையைப் போர்த்தும். தேநீரும் முள்ளங்கியும் செய்துகொண்டிருந்தது ஒயின் செய்திருக்க வேண்டிய வேலை. கூர் இருந்தது ரீஸ்லிங்கில்தான். அதைத்தான் அவள் பல் கூசுகிறது என்று தள்ளிவிட்டாள்.

ஏன் கூசியது? சட்டென்று அதுவும் பிடிபட்டது.

"அண்ணே, சேனய புளித்தண்ணியில வேக வச்சீங்க இல்ல?"

"பின்ன, வைக்காம? நாக்கு அரிச்சிருக்குமே."

"போச்சு. கெழங்குலயே புளிப்பு உள்ள பூந்துகினு இருந்துச்சு. அதுக்கு மேல ஒயினு புளிப்பும் சேந்துகிச்சு. நான் ஒயின் மேல பழிய போட்டுட்டேன்!"

கோமதிநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். "ஒலகத்துல எவனும் இப்பிடித் தப்புப் பண்ணிருக்க மாட்டான் தாயி. புரட்டாசி இல்லாத ஊர்க்காரனுக்கு இது தோணவே தோணாது."

"சிரிக்காதீங்கண்ணே. கறி எப்போ வெளிய வரும்?"

"பைய வாட்டுதேன். பத்து நிமிசம் தாரேன். அதுக்கு மேல போனா கருகிரும்."

ரீஸ்லிங் அலமாரியில் இருந்தது, ஆனால் குடிக்கும் குளிர்ச்சிக்கு இன்னும் இறங்க வேண்டும். குழலி வாளியில் ஐஸை மட்டும் கொட்டவில்லை. ஐஸ் கட்டிகள் பாட்டிலை அங்கங்கே தொட்டுக்கொண்டுதான் நிற்கும், நடுவில் காற்றுதான். தண்ணீரும் சேர்த்தால் பாட்டில் முழுக்க குளிர் ஒட்டிக்கொள்ளும். ஒரு கை கல்லுப்பு போட்டால் அந்தத் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே இறங்கும். அப்படிச் செய்து, பாட்டிலின் கழுத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தாள், உள்ளே இருக்கும் ஒயினும் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியைத் தொடட்டும் என்று.

ஜீவானந்தம் பின்னால் வந்து நின்றார். "இன்னாம்மா பண்ற?"

"மேசையில இருக்கற ஒயினத் திருப்பி எடுத்துட்டு வேற குடுக்கப் போறேன் சார்."

"குடுத்தத திருப்பி எடுத்தா, நம்மளே தப்புன்னு ஒத்துகின மாரி ஆய்டும்."

"தப்புதான் சார். என் தப்பு. சொல்லிட்டுத்தான் எடுக்கப் போறேன்."

அவர் அவள் கையில் சுழலும் பாட்டிலைப் பார்த்தார். "எப்டியும் பீரு போயாச்சு. பண்ணிப் பாரு" என்று வழிவிட்டார். நம்பிக்கையோடு சொன்ன மாதிரி இல்லை, தடுக்கவும் இல்லை.

குழலி விருந்து அறைக்குள் போய் லியூங்கிடம் நேராகச் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். முதல் ஒயினை நான் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த தட்டோடு இதை ஒரு வாய் மட்டும் பாருங்கள்.

லியூங் கண்ணாடிக்குமேல் பார்த்தார். "தவறு என்று எப்படித் தெரிந்தது?"

"நீங்கள் தேநீர் குடிப்பதைப் பார்த்தேன்."

அவர் கையிலிருந்த கிண்ணத்தைத் தாமே ஒரு முறை பார்த்துக்கொண்டு, கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

இரண்டாவது தட்டு வந்தது. சூடு ஆறாத பாகு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. குழலி புதுக் கிளாஸ்களில் கொஞ்சமாக ஊற்றினாள். குளிர்ச்சியில் கிளாஸின் வெளிப்புறம் வேர்த்தது. லியூங் ஒரு துண்டை மென்றார், ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார். அதன்பின் இன்னொரு வாய்.

என்ன நடக்கிறது என்பதை, வாயில் வைக்காமலே குழலியால் பார்க்க முடிந்தது. பாகின் இனிப்புக்குக் குறையாத ஒரு மெல்லிய இனிப்பு ஒயினில் இருப்பதால் அது தோற்றுப்போகவில்லை. சோயாக்கட்டியின் உப்பு அந்தப் பழ ருசியைத் தூக்கிக் காட்டுகிறது. புளிப்பு போய்ப் பூசியிருக்கும் கொழுப்பை வழித்துவிடுகிறது. நாக்கு மறுபடி வெறுமையாகிறது, அடுத்த துண்டு முதல் துண்டாகிறது. கறி ஒயினைக் கூப்பிடுகிறது, ஒயின் கறியைக் கூப்பிடுகிறது. எங்கோ தெற்குச் சீனக் கரையில் யாரோ கம்பியில் மாட்டி வாட்டிய ஒன்றும், நாசிக் மலைச்சரிவில் பழுத்த ஒன்றும், ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் பூட்டும் சாவியுமாகப் பொருந்துகின்றன. இதில் யார் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேநீர்க் கிண்ணங்கள் ஆறிப்போயின. பீர் வாங்கிய இளைஞர் பக்கத்து ஆளின் கிளாஸிலிருந்து ஒரு வாய் வாங்கிப் பார்த்தார். பிறகு பீரை ஒதுக்கிவிட்டுத் தமக்கும் ஒன்று கேட்டார். மேசையில் சத்தம் கூடியது. யாரோ நிலாப் பணியாரத்தின் ஒரு துண்டைக் கோபாலிடம் நீட்டினார்கள். கோபால் நெற்றி நாமத்தைக் காட்டி, கைகூப்பி மறுத்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

லியூங் காலியான பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, குழலி இருக்கும் பக்கம் ஆட்டினார். இன்னொன்று.

அவள் வாசலைத் தாண்டும்போது ஜீவானந்தம் ஏற்கெனவே அலமாரிச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார்.

விருந்து முடிந்து எழுந்தபோது லியூங் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். கோமதிநாயகம் ஏப்ரனை மாற்றிக்கொண்டு வந்தார். இருவரும் கான்டன் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கோமதிநாயகத்துக்கு அந்தப் பாஷையில் திட்டுகள்தான் அதிகம் தெரியும் என்பதால் லியூங் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குழலி பக்கம் திரும்பினார்.

"கறியோடு சேர்த்து நீங்கள் குடிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது?"

"நான் கறியைச் சாப்பிடவில்லை" என்றாள் குழலி. "எங்களுக்கு இது விரத மாதம்."

"அப்படியென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?"

முதலில் கிழங்கை வைத்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். சேனை, பீப்பாய், புளித்தண்ணீர், அல்வா எல்லாவற்றையும் சொன்னாள். லியூங் நடுவே குறுக்கிடாமல் கேட்டார். மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னார். புளித்தண்ணீர் வந்த இடத்தில் அத்தனை பேரும் "ஆ" என்றார்கள், இயந்திரத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டவர்கள் போல. அச்சு பொருத்துகிற ஆட்கள் அல்லவா. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைத்துச் சோதனை பார்ப்பது அவர்களுக்கும் பழக்கம்தான்.

"அந்தக் கிழங்கு மீதி இருக்கிறதா?" என்று கேட்டார் லியூங்.

"நாளைக்கிச் செஞ்சு தாரேன்னு சொல்லு" என்றார் கோமதிநாயகம். "இந்தத் தடவ மோர்த்தண்ணியில வேக வைக்கேன்."

"மோரும் புளிப்புதாண்ணே!"

"அப்போ உப்புத்தண்ணி. விடு."

திங்கட்கிழமை காலை பீர் ஃப்ரிட்ஜ் வந்தே விட்டது. முன்பே போட்டுவைத்த ஆர்டரை ஜீவானந்தத்தால் திருப்ப முடியவில்லை. இரண்டு ஆட்கள் அதைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து, எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். குழலி துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

ஜீவானந்தம் அலமாரியைப் பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார். அங்கே யாரும் உட்காராத ஒரு சோபாவும் பிளாஸ்டிக் மூங்கில் செடியும் இருந்தன.

"அந்தச் செடியத் தூக்கு. சோபாவையும் அப்டி ஓரமா தள்ளு. அங்க வை" என்றார் ஆட்களிடம். பிறகு, அவளைப் பார்க்காமல், ஃப்ரிட்ஜின் ஒயரை ஆராய்வது போலக் குனிந்துகொண்டே பேசினார்.

"அடுத்த மாசம் கொரியாக்காரங்க ஃபேமிலியோட வர்றாங்க. அவுங்க அந்தப் பன்னியோட வயித்துக் கறிய மேசையிலயே சுட்டுத் திம்பாங்க இல்ல, பூண்டு மொளகா எல்லாம் வச்சி? அதுக்கு ஏதாச்சும் ஒத்துவருமா?"

"மொளகா கீதா?" என்றாள் குழலி. கிளாஸை மேசையில் வைத்தாள். "காரம் இருந்தா கணக்கே மாறும் சார். அவுங்க எலையில சுத்தித் தின்றாங்களே, அந்த எல கசக்குமா? கறிய மொதல்லயே ஊற வைப்பாங்களா, இல்ல வெறும் உப்புதானா?"

"என்னக் கேட்டா? எனுக்கு இன்னாத் தெரியும்?"

குழலி அதற்குள் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். "கோமதிண்ணே" என்று அவள் கூப்பிடும் சத்தமும், "என்ன தாயி, இன்னைக்கும் சேனையா?" என்ற பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே கேட்டன.